டீக்கடைப் பேப்பரில் தத்துவம் எங்கே இருக்கிறது?

"ஏனுங்க, படிக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா கடைசியில என்னதான் சொல்ல வர்றாரு?"

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலைகளில், அதாவது நூலகங்களில், புதிய கவிதை எதையாவது வாசித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். பாட்டு பிடிக்கும். கதை இன்னும் பிடிக்கும். ஆனால் பல் தேய்ப்பதைப் பற்றியோ, பஸ்ஸுக்கு நிற்பதைப் பற்றியோ, அறுந்துபோன செருப்பைப் பற்றியோ எட்டு வரி எழுதி, இது ஆழமான தத்துவக் கவிதை என்று யாராவது சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். செருப்பு அறுந்தால் தைக்கக் கொடுக்க வேண்டும். அதில் என்ன தத்துவம்?

சந்தேகம் நியாயமானது. கவிதை வாசித்தே பழக்கமில்லாத ஒருவர் இதைக் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். ஏற்கெனவே வாசிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தத்துவம் என்றதும் சங்கரர், சாங்கியம், மாயை என்று பெரிய பெரிய சமாச்சாரங்களுக்குப் போக வேண்டாம். நம் எல்லோருக்கும் அவ்வப்போது வந்துபோகும் சில கேள்விகள் உண்டு. இத்தனை வருஷம் எங்கே போனது? 'நான்' என்று எதைச் சொல்கிறேன்? என்னுடையது என்கிறேனே, அதில் உண்மையிலேயே என்னுடையது எவ்வளவு? நடந்தது நடக்காமலும் போயிருக்கலாமே? சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இவை யாருக்கும் வரும். தலைக்குக் குளித்து வீடு வந்து சேர்ந்ததும் போய்விடும். கவிஞர் சாவு வீடு வரைக்கும் காத்திருப்பதில்லை. டீக்கடையிலேயே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டால், 'சின்ன விஷயத்துக்குப் பெரிய அர்த்தம் கொடுக்கிறார்' என்று ஒரு பதில் வழக்கமாகச் சொல்லப்படும். எனக்கு அது தலைகீழான பதிலாகத் தோன்றுகிறது. அர்த்தம் கொடுப்பது நீதி நூல்களின் வேலை. இன்றைய கவிஞர் கொடுப்பதில்லை. ஒரு பொருளை அதன் உபயோகம் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்குள்ளிருந்து ஒரு கேள்வி மேலே வருகிறது. வந்ததும் நிறுத்திவிடுகிறார். மீதியை வாசிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதை விளக்க முதலில் பழசிலிருந்து இரண்டு பாட்டு எடுத்துக்கொள்கிறேன். இன்றைய கவிஞர்களைப் பற்றிய கட்டுரையில் சங்கப் பாட்டு எதற்கு என்று தோன்றலாம். புதுக்கவிதை செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே கோல், இரண்டு பாட்டு

புறநானூற்றில் 243ஆம் பாட்டு. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் அவர் சொன்ன ஒரு தொடரையே பெயராக்கித் 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று வழங்குகிறோம். தலையில் பூண் போட்ட கைத்தடி வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 14 அடி. அதில் பெரும்பகுதி விளையாட்டுதான். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடும் பெண்பிள்ளைகளோடு கைகோத்துக்கொண்டு குளத்தில் ஆடியது, ஒளிவு மறைவு தெரியாத கூட்டாளிகள், தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்ந்து கிடக்கும் மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நிற்பவர்கள் திகைத்துப் பார்க்கத் தண்ணீர் சிதற 'துடும்' என்று ஆழமான இடத்தில் குதித்தது, உள்ளே போய் அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. மணல் எதற்கு என்று கிணற்றிலோ ஆற்றுக் கயத்திலோ குதித்துப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடி வரைக்கும் போனேன் என்பதற்கு அதுதான் சாட்சி. மணல் இல்லாமல் மேலே வந்தால் கரையில் இருக்கிற பையன்கள் நம்பமாட்டார்கள்.

அப்புறம் 'அந்த இளமை இரங்கத்தக்கது, அது இப்போது எங்கே இருக்கிறதோ' என்று ஒரு வரி. கடைசியில் இன்றைய நிலை: தடியை ஊன்றி, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேசுகிற பெரிய கிழவராகிவிட்ட எங்களுக்கு. பாட்டு முடிந்தது.

இந்தப் பாட்டில் 'இளமை நிலையில்லாதது' என்ற வாக்கியம் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலத்தைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லப்படவில்லை. 'நினைத்தால் இரக்கமாக இருக்கிறது' என்று தொடங்குகிறார். பிறகு இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு குளத்தின் அடிவரை போய்வந்த அதே நெஞ்சு, இன்று ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியாமல் இருமுகிறது. அன்று கையில் மணல், இன்று கையில் தடி. இவற்றை நான்தான் எடுத்துச் சொல்கிறேன், பாட்டு சொல்லவில்லை. மூச்சு என்ற சொல்கூட அதில் கிடையாது. குதித்த பையனும் இருமும் கிழவரும் ஒரே ஆள்தானா, இல்லையென்றால் நடுவில் எங்கே மாறினார் என்ற கேள்வி வாசிக்கிறவருடைய நெஞ்சில் எழுகிறது. காலத்தைப் பற்றிய தத்துவக் கேள்வி இதற்கு மேல் என்ன இருக்க முடியும்?

இப்போது அதே தடியோடு இன்னொரு பாட்டு. நாலடியாரில் இளமை நிலையாமை அதிகாரத்தின் முதல் வெண்பா. நரை வரும் என்று முன்னமே எண்ணிய நல்லறிவாளர்கள் சிறு வயதிலேயே துறந்துவிட்டார்கள். நிலையில்லாத இளமையில் மகிழ்ந்துகொண்டிருந்தவர்கள் பின்னால் கோலை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்திருப்பார்கள் என்று அது சொல்கிறது. முதுமை இருக்கிறது, கோல் இருக்கிறது, எழ முடியாத உடம்பும் இருக்கிறது. ஆனால் இங்கே கோல் ஓர் உதாரணம். 'இளமை நிலையாது, ஆகவே துறந்துவிடு' என்ற முடிவு முதலிலேயே தயாராக இருக்கிறது. அதை நிரூபிக்கத் தடி ஊன்றிய கிழவர் வரவழைக்கப்படுகிறார். அவர் குளத்தில் குதித்தாரா, குதித்தபோது யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் வெண்பாவுக்குத் தேவையில்லை. தேவைப்பட்டால் வம்பு. குதித்த சந்தோஷத்தை இரண்டு அடி சொல்லியிருந்தால், 'அப்படியானால் இளமையில் மகிழ்ந்ததில் என்ன தப்பு' என்று நாம் கேட்டுவிடுவோம்.

நாலடியாரைக் குறை சொல்லவில்லை. அது செய்ய வந்த வேலை வேறு, அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் 'கடைசியில் என்னதான் சொல்ல வர்றாரு' என்ற கேள்விக்கு அந்த வெண்பா உடனே பதில் சொல்லிவிடும், புறநானூற்றுப் பாட்டு சொல்லாது. பள்ளிக்கூடத்தில் 'இப்பாடலின் கருத்து யாது' என்று கேட்டுக் கேட்டே நம்மைப் பழக்கியிருப்பதால் நமக்கு முதல் வகை சுலபமாக இருக்கிறது. இன்றைய கவிஞர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையின் பிள்ளைகள்.

நகமும் பெயரும்

தமிழில் புதுக்கவிதை ஒரு இயக்கமாகச் சூடுபிடித்தது சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில். ந. பிச்சமூர்த்தி போன்றவர்கள் அதற்கு முன்பே முயன்றிருந்தார்கள். அந்த முதல் வருஷமே 'எழுத்து'வில் பசுவய்யா என்ற பெயரில் நகம் வெட்டுவதைப் பற்றி ஒரு கவிதை வந்தது. எழுதியவர் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி (1931–2005). அவரும் ஒரு வகையில் எங்களைப் போல எல்லை ஓரத்துக்காரர்தான். அவருடைய ஊர் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது.

நகத்தை வெட்டு, அழுக்குச் சேரும் என்று எந்த வீட்டிலும் அம்மா சொல்கிற பேச்சோடு அது தொடங்குகிறது. அதையே திரும்பவும் சொல்கிறது. பிறகு சட்டென்று ஒரு தாவல்: உலகம் முழுக்க அழுக்குக்குத்தானே சொந்தம், அப்புறம் நகக்கண் வேறு எதற்கு? நகக்கண்ணில் இருந்த கண் ஒரே வரியில் அகிலம் வரைக்கும் விரிந்து, மறுவரியில் மறுபடி நகக்கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அன்றாடத்திலிருந்து கவிதை மேலே போகும் வழிகளில் இது ஒன்று. அளவை மாற்றுவது. பெரியதைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடாமல் சின்னதற்கே திரும்பி வருவது முக்கியம். அங்கேயே நின்றிருந்தால் அது சொற்பொழிவாகியிருக்கும்.

நகுலன் செய்தது இதற்கு நேர்மாறு. டி.கே. துரைசாமி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1921இல் கும்பகோணத்தில் பிறந்தவர். வாழ்ந்தது திருவனந்தபுரத்தில். அங்கே மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். 2007இல் காலமானார். ராமச்சந்திரன் என்ற பெயரை வைத்து அவர் எழுதிய நாலு வரிக் கவிதையைக் கவிதை வாசிக்கும் தமிழர்களில் தெரியாதவர் குறைவு. ராமச்சந்திரனா என்று ஒருவர் கேட்கிறார், ஆமாம் என்ற மாதிரி எதிரே இருப்பவர் அந்தப் பெயரையே சொல்கிறார். எந்த ராமச்சந்திரன் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கவிதை.

முதல் தடவை கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்க வேண்டியதுதான். பிறகு யோசித்துப் பாருங்கள். ஒருவரை 'தெரியும்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் தெரிவது பெயர் மட்டும்தான். பெயர் சரிதான் என்று உறுதியான உடனே, ஆளே தெரிந்துவிட்ட மாதிரி நகர்ந்துவிடுகிறோம். நகுலன் எதையும் சேர்க்கவில்லை, எல்லாவற்றையும் கழித்திருக்கிறார். எங்கே சந்தித்தார்கள், எதற்காக, என்ன வயது, என்ன சட்டை, ஒன்றும் கிடையாது. கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு பெயரும் அதைச் சுற்றி ஒரு பெரிய காலியிடமும்தான் மிஞ்சுகின்றன.

எங்கள் ஊரில் இந்தக் கவிதைக்குக் கூடுதலாக ஒரு ருசி உண்டு. ராமச்சந்திரன் என்ற பெயரை மட்டும் வைத்து அவர் தமிழரா மலையாளியா என்றுகூடச் சொல்ல முடியாது. வீட்டுப்பேரா இனிஷியலா என்று பார்க்க வேண்டும், பேசச் சொல்லிக் கேட்க வேண்டும், அப்படியும் சில பேரிடம் தீர்மானமாகாது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு தமிழர் இதை எழுதினார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இது என் ஊகம்தான், கவிதையைப் புரிந்துகொள்ள இது தேவையும் இல்லை.

லாட்டரிச் சீட்டு: ஒரு பயிற்சி

வாசிப்பதைவிட ஒரு கவிதை உருவாகும் வழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதற்காக இந்தப் பக்கத்துச் சமாச்சாரம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நானே எழுதிக் காட்டுகிறேன். பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை, செய்முறை விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. ஆகவே வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையின் இந்தப் பக்கம் காலை வைத்ததும் கயிறு கட்டிச் சீட்டுத் தொங்கவிட்ட கடைகள்தான் கண்ணில் படும். அந்தப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். மத்தியானம் மூன்று மணிக்குக் குலுக்கல். மறுநாள் காலையில் டீக்கடைப் பேப்பரில் முடிவு வரும். போனிலேயே பார்த்துவிடலாம் என்றாலும், வயசானவர்கள் பேப்பரில் விரல் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

இதை வைத்து ஒரு கவிதை எழுதச் சொன்னால் முதலில் கைக்கு வருவது இப்படித்தான் இருக்கும்:

வாழ்க்கை ஒரு லாட்டரி.
சிலருக்கு விழுகிறது
பலருக்கு விழுவதில்லை.
ஆனாலும் வாங்குகிறோம்
நம்பிக்கை என்னும் சீட்டை!

போனில் தினமும் காலை வணக்கத்தோடு வரும் சரக்கு. இதில் என்ன கோளாறு? பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுத லாட்டரிக் கடைப் பக்கமே போயிருக்க வேண்டாம். லாட்டரி என்ற இடத்தில் பயணம், கிரிக்கெட், பரீட்சை என்று எதை வைத்தாலும் கவிதை அப்படியே நிற்கும். நாலடியாரின் கோல் மாதிரி, முடிவு முதலில் வந்து உதாரணத்தைத் தேடியிருக்கிறது. நாலடியாருக்காவது சொல்ல ஒரு கடுமையான விஷயம் இருந்தது, இதற்கு அதுவும் இல்லை.

சரி, கருத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்ததை மட்டும் எழுதினால்?

டீக்கடைப் பேப்பரில்
விரல் வைத்துப் பார்க்கிறார்.
கடைசி இலக்கம் ஆறு.
கையில் ஏழு.
பேப்பரை மடித்துக் கொடுக்கிறார்.

முன்னதைவிட எவ்வளவோ தேவலை. ஒரு ஆள் தெரிகிறார். மடித்துக் கொடுப்பதில் அவருடைய ஏமாற்றமும் அதை வெளியே காட்டாத மரியாதையும் கொஞ்சம் தெரிகின்றன. இதுவே போதும் என்று சொல்லும் கவிஞர்கள் உண்டு. எனக்குப் போதவில்லை. இதில் பார்த்தல் இருக்கிறது, கேள்வி இன்னும் வரவில்லை. ஒரு எண்ணில் தவறிப்போனதை நினைத்து 'அடடா' என்கிறோம், அத்தோடு சரி. இன்னும் கொஞ்சம் நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. சீட்டுகள் வரிசை எண்ணில் இருப்பவை. கடைக்காரர் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். ஏழு இவருக்கு வந்தது என்றால், ஆறு இவருக்கு ஒரு நிமிஷம் முன்னால் அதே கடையில் நின்ற யாரோ ஒருவருக்குப் போயிருக்க வேண்டும். அது யார்?

டீக்கடைப் பேப்பரில்
விரல் வைத்துப் பார்க்கிறார்.
கடைசி இலக்கம் ஆறு.
கையில் ஏழு.

நேற்று,
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவந்த ஒரு அம்மாவை
முதலில் வாங்கச் சொல்லி
விலகி நின்றார்.

பேப்பரை மடித்துக் கொடுக்கிறார்.
எந்த ஊருக்குப் போகிற பஸ் அது?

நாலு வரிதான் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி. ஆனால் இப்போது அந்த ஒற்றை இலக்கம் வேறு ஒன்றாகிவிட்டது. அவர் ஒரு நல்ல காரியம் செய்தார், அதனால்தான் பரிசு போயிற்று. இல்லை, அதனால்தான் இன்னொருவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே சம்பவம். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு இந்தச் சீட்டுக் கடையில் நேராக வரவில்லை. வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் நல்லது ஒன்று நடக்கத்தான் செய்திருக்கிறது, வேறு ஒருவருக்கு. நாளைக்கு யாராவது அவசரமாக ஓடி வந்தால் இவர் விலகி நிற்பாரா? கவிதைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஏன் பஸ்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும்? 'நன்மைக்குப் பலன் உண்டா' என்று நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் அப்படிக் கேட்கமாட்டார். அவருக்கு நினைவில் இருப்பது ஒரு அம்மா, ஓட்டம், பஸ். அதிலிருந்துதான் கேட்க முடியும். பெரிய கேள்வி அந்தச் சின்னக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிலும் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. அது பொள்ளாச்சி பஸ்ஸா பாலக்காட்டு பஸ்ஸா என்பதைப் பொறுத்து அந்தப் பரிசு எந்த மாநிலத்துக்குப் போனது என்பதே மாறிவிடும். பொறாமைப்படக்கூட ஒரு திசை வேண்டும் அல்லவா?

'விலகி நின்றார்' என்பதையும் பாருங்கள். 'பெருந்தன்மையோடு வழிவிட்டார்' என்று எழுதியிருந்தால் கவிதை அங்கேயே செத்திருக்கும். அவர் நல்லவர் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டால் வாசிப்பவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது. பரிசுத் தொகையையும் சொல்லவில்லை. லட்சமா கோடியா என்று போட்டால் கண் தொகைக்குப் போய்விடும், அம்மாவுக்குப் போகாது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் இந்த மாதிரிக் கவிதைகளில் பாதி வேலை இருக்கிறது.

இதிலும் இரண்டு காலங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பேப்பர் பார்க்கும் இன்று, விலகி நின்ற நேற்று. இந்த உத்தி கைத்தடிக்காரரிடமிருந்து வாங்கியது. அவர் ஒரு ஆயுசையே தாண்டினார், நான் ஒரே நாளைத்தான் தாண்டியிருக்கிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவதும் அவர் வழிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: கேள்விக்குறி போட்டால் கவிதையாகிவிடும் என்று நினைத்து எழுதுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். வரிகளுக்குள் விடை தெரியாத ஒன்று நிஜமாகவே இருந்தால்தான் கேள்விக்கு வேலை. இல்லாவிட்டால் அது வெறும் பாவனை.

கடைசி வரியை மூடிப் பாருங்கள்

வாசிப்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். கவிதையின் கடைசி இரண்டு வரியைக் கையால் மூடிக்கொண்டு மற்றதை வாசியுங்கள். பிறகு கையை எடுங்கள். கடைசி வரி மேலே உள்ளதற்கு விளக்கம் சொல்கிறதா, அல்லது மேலே உள்ளதை மறுபடி வாசிக்க வைக்கிறதா? விளக்கம் சொன்னால் அது பெரும்பாலும் பலவீனமான கவிதை. 'இப்படித்தான் மனித மனமும்', 'வாழ்க்கையும் அப்படித்தானே' என்று முடிகிற கவிதைகளில் பாதியைக் கடைசி வரியை வெட்டியே காப்பாற்றிவிடலாம். மீதிப் பாதியைக் காப்பாற்ற முடியாது, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். கவிதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள். 'ஒருத்தர் லாட்டரி வாங்கினாருங்க, ஒரு நம்பர்ல போயிருச்சு' என்று சொல்லிவிடலாம், கதை போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கேட்டவர் 'அப்புறம்?' என்பார். கவிதை வாசித்தவர் 'அப்புறம்' கேட்கமாட்டார், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்படிச் சும்மா இருக்க வைக்காத கவிதையில் சம்பவம் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

டீ, மழை, பூனை, ஜன்னல் என்று எழுதினாலே தத்துவம் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறும் டீ பற்றிய நல்ல கவிதைகளும் இருக்கின்றன. அவற்றில் வலுக்கட்டாயமாக உபநிஷத்தைத் தேடுவது டீக்குச் செய்யும் அநியாயம். நேராகவே சிந்தனையைப் பேசி ஜெயிக்கும் கவிதைகளும் உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற பாட்டு (புறம் 192) அப்படிப்பட்டது. ஆனால் அங்கேயும் மழை பெய்து, கல்லில் மோதி ஒலிக்கிற பேராற்றில் தண்ணீர் இழுத்த வழியில் ஒரு தெப்பம் போவதைப் பார்த்த பிறகுதான் பெரியோரை வியத்தலும் இலமே என்று பேசுகிறார். தெப்பம் இல்லாமல் அந்த வரி இத்தனை நூற்றாண்டு மிதந்திருக்குமா என்பது சந்தேகம்.

மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆற்றூர் ரவிவர்மா (1930–2019) தமிழ்ப் புதுக்கவிதைகளைத் தேர்ந்தெடுத்து மலையாளத்துக்குக் கொண்டு போனவர். சுந்தர ராமசாமியின் நாவல்களையும் மொழிபெயர்த்தவர். மலையாளக் கவிதை என்றால் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் கல்பற்றா நாராயணன் எழுதும் சின்னக் கவிதைகளைப் பார்த்தால், பேச்சு மொழியிலேயே ஒரு யோசனை எப்படிக் குறுக்கே திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பொருள் தருகிறேன், இதை நான் எழுதப் போவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணீரை எல்லை ஓரத்து மணக்கடவில் அளந்து கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சித்தூர்ப் புழை என்ற ஆறாக இங்கே வந்து வயலுக்குப் பாய்கிறது. இந்த வருஷம் குறைந்தது, கூடியது என்று பேப்பரில் செய்தி வராத கோடை இல்லை. அளக்கும் இடத்துக்கு மேலே அது ஒருவருடைய தண்ணீர், கீழே வேறொருவருடையது. இதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் பயிற்சி கெட்டுவிடும். 'தண்ணீருக்கு எல்லை இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதைப் போதுமான பேர் எழுதியாகிவிட்டது. அளக்கிற ஆளைப் பற்றி யோசியுங்கள், அல்லது அளக்காத ராத்திரியைப் பற்றி.

வாசிக்கத் தொடங்குகிறவர்கள் புறநானூற்று 243ஐ உரையோடு ஒரு தடவையும், உரை இல்லாமல் வாய்விட்டு ஒரு தடவையும் வாசியுங்கள். 'துடும்' வரும் இடத்தில் குரல் தானாக உயரும். அடுத்து நகுலனை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே மூச்சில் நிறைய வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். பிறகு தென்காசிப் பக்கத்து விக்ரமாதித்யன், தூத்துக்குடிப் பக்கத்து தேவதேவன். விக்ரமாதித்யனிடம் பேச்சும் தெருவும் அதிகம் என்பதால் எங்கள் வாயனசாலைக்காரர்களுக்கு அவர் சீக்கிரம் பிடிபடுவார். தேவதேவன் நிறைய எழுதியவர், எங்கே தொடங்குவது என்று திகைப்பாக இருக்கும். மரமும் பறவையும் வரும் கவிதைகளில் தொடங்குங்கள், மற்றவை பின்னால் வரட்டும்.